இரண்டு தரம் வெட்டின கால்

ஆண்டியப்பனின் இடது காலை இரண்டு தரம் வெட்டினார்கள். முதல் தரம் ஆஸ்பத்திரியில், மிதிவெடிக்குப் பிறகு. அதில் தவராசாவுக்கு ஒரு கோபமும் இல்லை. வெட்டாமல் விட்டிருந்தால் ஆளே போயிருப்பான். இரண்டாம் தரம் வெட்டியது கொம்பியூட்டரில். மயக்க ஊசி போடவில்லை, கையெழுத்து வாங்கவில்லை, வெட்டப்போகிறோம் என்று ஒரு சொல் சொல்லவில்லை. அந்த வெட்டைத்தான் தவராசா வருசக்கணக்காக நெஞ்சுக்குள் கொண்டு திரிகிறான். ஆண்டியப்பன் போய்ச் சேர்ந்து ஒரு மாரியும் கழிந்துவிட்டது. கோபம் மட்டும் போகவில்லை. உருத்திரபுரம் தேத்தண்ணிக் கடையில் யாராவது போனை நீட்டி, “இணைய அருங்காட்சியகம் பாத்தனியளே?” என்று கேட்டால், தவராசா பிளேன்ரீயைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிவிடுவான். காசு கொடுக்காமலே எழும்புகிறான் என்று கடைக்காரனுக்கு ஒரு சந்தேகம் உண்டு. அது வேறு விசயம்.

தவராசாவின் குடும்பம் வாய்க்கால் தண்ணியை நம்பிக் குடாநாட்டிலிருந்து வந்து உருத்திரபுரத்தில் குடியேறியது. ஆண்டியப்பன் ஜெயபுரத்தான். கலவரத்துக்குத் தப்பித் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்த தகப்பனின் தோளில் இருந்துகொண்டு வன்னியை முதன்முதல் பார்த்தவன். பள்ளிக்கூடம் இரண்டு பேருக்குமே ஒத்துவரவில்லை. இருவரையும் சேர்த்து வைத்தது பழைய இரும்பு. சண்டை முடிந்து சனம் திரும்பி வந்த நாட்களில் வன்னி மண்ணில் நெல்லை விட இரும்புதான் கூடுதலாக விளைந்திருந்தது. தவராசாவிடம் ஒரு லாண்ட்மாஸ்ரர், பெட்டி பூட்டின இரண்டு சில்லு உழவு மெசின், இருந்தது. ஆண்டியப்பனிடம் தொண்டை இருந்தது. லாண்ட்மாஸ்ரர் பெட்டிக்குள் ஒரு பிளாஸ்ரிக் கதிரையைக் கயிற்றால் கட்டி, அதில் ஏறி இருந்து, பொய்க்காலை மற்றக் காலுக்கு மேல் போட்டுக்கொண்டு கூவிக்கொண்டு போவான்.

“பழைய இரும்பு, போத்தல், உடைஞ்ச கதிரை! இருக்கிற கதிரையும் எடுப்பம்!”

வேலிக்குள்ளிருந்து பெண்கள் கேட்பார்கள். “அந்தக் காலையும் நிறுத்து எடுப்பியளோ?”

“அது விலைக்கு இல்ல தங்கச்சி. வாடகைக்குத் தருவேன்.”

ஜெயபுரத்தில் மலைநாட்டுப் பேச்சு, உருத்திரபுரத்தில் வன்னிப் பேச்சு என்று அவனுக்கு இரண்டு நாக்கு. கோபம் வந்தாலும் சிரிப்பு வந்தாலும் முதல் நாக்குத்தான் வரும்.

இப்படித் திரிந்த காலத்தில்தான் பொதுநோக்கு மண்டபத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். கூட்டத்துக்கு வந்தவள் மேனுகா என்ற பிள்ளை. பல்கலைக்கழகம் முடித்தவள், வாய்க்கு வாய் ‘ஐயா’, ‘அண்ணை’ என்று மரியாதையாகக் கதைக்கிறவள். ‘எங்கள் மண்’ என்று ஒரு இணைய அருங்காட்சியகம் தொடங்கியிருக்கிறார்களாம். கட்டடம் கிடையாது, காவல்காரன் கிடையாது, கண்ணாடிப் பெட்டி கிடையாது. எல்லாம் போனுக்குள்.

“கக்கூசுக் குழி வெட்டேக்கை, வாய்க்கால் துப்பரவாக்கேக்கை பழைய சாமான் ஏதும் வெளிப்பட்டால் எடுக்காதேங்கோ, கழுவாதேங்கோ. கிடந்த இடத்திலையே படம் எடுங்கோ. பக்கத்திலை அளவு தெரியிற மாதிரி ஏதாவது வையுங்கோ. பிறகு அதின்ரை கதையை உங்கடை வாயாலையே சொல்லிப் பதிஞ்சு ஏத்திவிடுங்கோ. இது உங்கடை அருங்காட்சியகம். நீங்கள்தான் உண்டாக்கப் போறியள்.”

“எங்கடை எங்கடை எண்டு சொல்லிக்கொண்டு வந்தவை ஒருத்தரும் எங்களுக்கெண்டு ஒண்டையும் விட்டிட்டுப் போகேல்லை,” என்று பின்வரிசையில் இருந்து தவராசா முணுமுணுத்தான். ஆண்டியப்பன் ஏற்கெனவே முன்வரிசைக்குப் போய் அந்தச் செயலியைப் போனில் இறக்கிக்கொண்டு நின்றான்.

அளவுக்கு வைக்கவென்று கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட மட்டைத் துண்டு ஒன்றை ஆளுக்கு ஆள் கொடுத்திருந்தாள் மேனுகா. ஆண்டியப்பனுடையதை அன்றைக்கே ஆடு தின்றுவிட்டது. ஆகவே முதல் படத்தில், வாய்க்கால் கரையில் தெரிந்த ஒரு கறுப்புச் சட்டி ஓட்டுக்குப் பக்கத்தில், அவன் தன் பொய்க்காலை நீட்டி வைத்தான்.

“ஏண்டா, நல்ல காலை வையன்,” என்றான் தவராசா.

“நல்ல காலு காலையில ஒரு அளவு, பின்னேரம் ஒரு அளவு அண்ணே. சீனி வருத்தக்காரன் காலு வீங்கும், வத்தும். இது அப்பிடியா? வீங்காது, வத்தாது, நான் செத்தாலும் அழுகாது. அரசாங்கம் முத்திரை குத்தின படி மாதிரி.”

வாய்ச்சண்டையில் தோற்றால் தவராசாவுக்கு ஒரு வேலை உண்டு. அதைச் செய்தான். துப்பினான்.

அதற்குப் பிறகு ஆண்டியப்பன் ஏற்றாத படம் இல்லை. இரும்பு வாங்கப் போகிற வளவெல்லாம் அவனுக்கு அருங்காட்சியகம்தான். சட்டி ஓடு, செங்கல், துருப்பிடித்த வாள் மாதிரி ஒன்று, வாள் மாதிரி இருந்து பிறகு தேங்காய் உரிக்கிற அலவாங்கின் துண்டு என்று தெரியவந்த ஒன்று. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் அந்த மரநிறக் கால், அச்சில் வார்த்த ஐந்து விரல்களோடு. கதை சொல்லிப் பதிவதில் அவனுக்குக் கூச்சம் என்பதே இல்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கமும் இல்லை.

“இது ஒரு ராசாவோட சோத்துச் சட்டி. ராசா யாருன்னு தெரியாது. ஆனா சாப்பாட்டு ராமன்.”

வெளிநாட்டுச் சனம் கொமென்ற் போடத் தொடங்கியது. அவன் சொன்ன சரித்திரத்தை ஒருவரும் நம்பவில்லை. காலைத்தான் எல்லாருக்கும் பிடித்திருந்தது. ‘கால் அண்ணை, இண்டைக்கு ஒண்டும் கிண்டேல்லையோ?’ என்று கனடாவிலிருந்து ஒருத்தி. ‘அந்த நகத்துக்குச் சிவப்புப் பூசிவிடுங்கோ’ என்று லண்டனிலிருந்து இன்னொருத்தி. பிரான்சிலிருந்து வினோதன் என்ற ஒருவன் எழுதியிருந்தான்: ‘அண்ணை, என்ரை காலும் உங்கடை கால் செய்த பட்டறையிலைதான் செய்தது. பெருவிரலைப் பாத்தவுடனை பிடிச்சிட்டன். இஞ்சை வேறை கால் போட்டு விட்டிருக்கினம். நல்ல கால்தான். ஆனால் அது என்ரை கால் மாதிரி இல்லை.’ அதைத் தவராசாதான் எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டினான். ஆண்டியப்பன் அன்றைக்குக் கூவவில்லை. பெட்டிக்குள் பொய்க்காலின் பெருவிரலைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

இன்னொருவர் கேட்டார், ‘நீர் எந்த ஊர் ஆள்?’ அந்தக் கேள்விக்குள் என்ன இருக்கிறது என்று தவராசாவுக்குத் தெரியும். மலைநாட்டிலிருந்து வந்தவர்களிடம் அவனுடைய ஆட்களே ஒருகாலத்தில் கேட்ட கேள்விதான். ஆண்டியப்பன் பதிலைக் குரலிலேயே அனுப்பினான்: “ஒரு காலு ஜெயபுரம் ஐயா. மத்தக் காலு எங்க கெடக்குன்னு தெரியல. யாராச்சும் தோண்டி எடுத்தா ஒரு போட்டோ போடச் சொல்லுங்க.”

வில்லங்கம் வந்தது தருமபுரத்தில். வாய்க்கால் அணைக்கட்டைத் திருத்திக்கொண்டிருந்தவர்கள் மண்ணுக்குள்ளிருந்து ஒரு நீள உருண்டைக் கல்லைப் புரட்டி வெளியில் போட்டிருந்தார்கள். ஆண்டியப்பன் இறங்கினான், காலை வைத்தான், படம் எடுத்தான், சொன்னான்: “இது அம்மிக் குழவி. யாரோ ஒரு பொம்பள புருசன் மேல எறிஞ்சிருக்கா. குறி தப்பியிருக்கு.”

வாழ்க்கையில் அவன் ஒரு பொருளின் பெயரைச் சரியாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஒருவரும் நம்பவில்லை.

சுவிசிலிருந்து சிற்றம்பலம் என்ற ஒருவர் எழுதினார். அங்கே ஒரு கோயிலின் தர்மகர்த்தாவாம். ‘மூடனே, இது சிவலிங்கம். கண்ணிருந்தால் தெரியும். சிவனுக்குப் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டா நிற்கிறாய்?’ அவருக்கு அடியில் ஒருவர், அவருக்கு அடியில் இன்னொருவர் என்று கொமென்ற் வாய்க்கால் உடைத்துக்கொண்டு பாய்ந்தது. பெட்டிக்குள்ளிருந்த கயிற்றுக் கதிரையில் சாய்ந்துகொண்டு ஆண்டியப்பன் கேட்டான், “ஏண்ணே, நான் போட்டோ புடிக்கிறப்ப அது குழவியாத்தானே இருந்துச்சு?”

அணைக்கட்டில் போனை விட வேகமாக வேலை நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை கல்லுக்குத் திருநீறு பூசியிருந்தது. அடுத்த முறை அந்த வழியால் போகும்போது தகரக் கொட்டில் ஒன்று போட்டு, கல்லை நிமிர்த்தி நட்டு, உண்டியலும் வைத்திருந்தார்கள். உண்டியலைப் பார்த்ததும் தவராசா, “இனி இதை ஆராலையும் அசைக்கேலாது,” என்றான்.

கிளிநொச்சியில் ‘எங்கள் மண்’ கண்காட்சி வைத்தபோது ஆண்டியப்பன் ஜெயபுரம் முழுவதும் சொல்லிவிட்டான். ஆளுயரத் திரையில் தன் கால் வரப்போகிறது என்று. மனைவி ராஜினி நல்ல சீலை உடுத்து வந்தாள். அவளுடைய தமக்கை, தமக்கையின் மருமகள், பக்கத்து வீட்டுக்காரர் என்று பெட்டி நிறையச் சனம். இரும்புக் கறை பிடிக்காமல் இருக்கத் தவராசா பெட்டியில் படங்கு விரித்திருந்தான். ஒருவரும் கேட்காமலே செய்தது என்று பிறகு எல்லாருக்கும் சொன்னான்.

மண்டபத்துக்குள் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. விரலால் தொட்டால் படம் மாறும். ராஜினிக்கு முன்னால் நின்று ஆண்டியப்பன் தொட்டான். அவனுடைய சட்டி ஓடு வந்தது. கால் இல்லை. அடுத்ததைத் தொட்டான். செங்கல் வந்தது. கால் இல்லை. அவன் படத்தைக் கீழிருந்து மேலே இழுத்தான். திரும்பவும் இழுத்தான்.

“கீழ இருக்கும்ணே. இந்த மெசினு மேல ஏத்தி வச்சிருக்கு. கொஞ்சம் இழுத்துப் பாருங்க.”

தவராசாவும் இழுத்துப் பார்த்தான். கீழே ஒன்றும் இல்லை. படத்தின் அடியில் ‘சமூகப் பங்களிப்பு’ என்று எழுதியிருந்தது.

பக்கத்தில் நின்ற ஒரு கொழும்புக்காரர் மனைவிக்கு ஒரு படத்தைக் காட்டி, “பாரும், என்ன வடிவான சின்னக் கிண்ணம்,” என்றார். அது உருத்திரபுரத்தில் கக்கூசுக் குழி வெட்டும்போது தெரிந்த தாழி. ஆண்டியப்பன் உள்ளே இறங்கி இருந்தால் தலைதான் வெளியில் தெரியும். காலை எடுத்துவிட்டபடியால் அது கிண்ணமாகப் போய்விட்டது.

“எங்க உங்க காலு?” என்றாள் ராஜினி.

“வெட்டிட்டானுங்க,” என்றான் ஆண்டியப்பன். “மறுபடியும்.”

சனத்துக்கு அது பகிடியாகப்பட்டது, சிரித்தார்கள். அவனும் சிரித்தான். தவராசா சிரிக்கவில்லை. மேனுகாவைத் தேடிப் பிடித்தான்.

“பிள்ளை, உங்களிட்டை ஒரு கேள்வி. பிரேதத்திலையிருந்து காலை வெட்டுறதெண்டாலே வீட்டுக்காரரைக் கேப்பினம். உயிரோடை இருக்கிற மனிசன்ரை காலை ஆரைக் கேட்டு வெட்டினனீங்கள்?”

அவள் முகம் கறுத்துப்போனது. “நான் வெட்டேல்லை அண்ணை. மேலை இருக்கிறவை. லிங்கத்துக்குப் பக்கத்திலை கால் எண்டு கொமென்ற்றிலை நெருப்பு. அந்த ஒரு படத்திலை மட்டும் வெட்டினால் மற்றதுகளையும் தேடிப்பிடிச்சுக் கேப்பினமெண்டு எல்லாத்திலையும் வெட்டிப்போட்டினம். நான் சொல்லிப் பாத்தனான்.”

“அது லிங்கம் இல்லை. குழவி. அதை நிரூபிச்சால்?”

மேனுகா அவனுக்குக் கிட்ட வந்தாள். “அப்ப நான் சண்டை பிடிச்செண்டாலும் அண்ணையின்ரை காலைத் திருப்பிப் போடுவிப்பன். பேரோடை. மூலப்படம் எல்லாம் பத்திரமாய்க் கிடக்குது.”

ஆண்டியப்பன் பக்கத்தில் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தான். “பேரெல்லாம் வேணாம் தங்கச்சி,” என்றான். “காலு போதும். அத வச்சாத்தான் நான் அங்க நின்னேன்னு தெரியும்.”

குழவிக்குச் சாட்சி எங்கே தேடுவது? ஆண்டியப்பனுக்குத்தான் நினைவு வந்தது. தருமபுரத்துக் கமலேஸ்வரி. அவள் இவர்களைக் கண்ட நேரமெல்லாம், “ஒரு குழவி அகப்பட்டால் கொண்டுவந்து தாங்கோடா, அம்மி சும்மா கிடக்குது,” என்று கேட்கிறவள். அவளுடைய வீட்டு வளவும் அந்த அணைக்கட்டோடு முட்டிக்கொண்டு இருந்தது.

அவளிடம் போனார்கள். போத்தல் ஒன்றை உருட்டிச் சம்பலுக்கு மிளகாய் நசுக்கிக்கொண்டிருந்தாள்.

“இடம்பெயரேக்கை மாமி அம்மியையும் குழவியையும் விட்டிட்டு வரமாட்டன் எண்டு நிண்டவா,” என்றாள். “ஷெல் வந்து விழுகுது, மனிசி அம்மியடியிலை. ஒருமாதிரி இழுத்துக்கொண்டு போய்க் கிணத்துக்குப் பின்னாலை கிடங்கு வெட்டி எல்லாத்தையும் தாட்டம். தையல் மெசின், செப்புக் குடம், அம்மி, குழவி. திரும்பி வந்து கிண்டினால் எல்லாம் இருக்கு, குழவி மட்டும் இல்லை. இவங்கள் அணைக்கட்டைத் தள்ளிக் கட்டேக்கை மண்ணோடை போயிருக்கும்.”

அந்தக் காலத்தில் சனம் திரும்பி வருவோம் என்ற நம்பிக்கையில் எதைத்தான் மண்ணுக்குள் தாட்டு வைக்கவில்லை? கால்வாசிப் பேர் திரும்பி வரவில்லை, அரைவாசிப் பேருக்கு இடம் மறந்து போயிற்று. வன்னியில் மண்வெட்டி எதில் தட்டுப்பட்டாலும் அது ராசா காலமா, போன சண்டைக் காலமா என்று முதலில் கேட்கவேண்டும். ஒருவரும் கேட்பதில்லை.

“குழவியிலை அடையாளம் ஏதும் இருக்கோ அக்கா?”

“ஒரு தலைப்பு உடைஞ்சது. மாமி அதாலை தேங்காய் உடைக்கிறவா. சொன்னாலும் கேளா.”

ஆண்டியப்பன் போனில் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தான். பொய்க்காலின் பெருவிரலுக்கு நேரே கல்லின் தலைப்பில் சில்லுப் பெயர்ந்திருந்தது. தவராசாவுக்கு அந்த இடத்திலேயே சந்தோசத்தில் கெட்ட வார்த்தை ஒன்று வந்துவிட்டது. கமலேஸ்வரி காதைப் பொத்தினாள்.

படத்தை அவள் வடிவாகப் பார்க்கவில்லை. கண்ணாடி வீட்டுக்குள் இருந்தது. அணைக்கட்டடியில் எடுத்த படம் என்றார்களே தவிர, இப்போது கொட்டிலில் நிற்கிற கல் என்று இவர்களும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மேனுகாவைக் கூட்டிவாருங்கள், வந்து கையால் தொட்டுச் சொல்கிறேன் என்றாள்.

வெள்ளிக்கிழமை கமலேஸ்வரியின் அம்மியை லாண்ட்மாஸ்ரரில் ஏற்றிக்கொண்டு போய்க் கொட்டிலுக்கு முன்னால் நிறுத்தினார்கள். மேனுகா கமராவோடு வந்திருந்தாள். கமலேஸ்வரி வந்தாள். கையில் செவ்வரத்தம் பூவும் கற்பூரப் பெட்டியும்.

“பூ என்னத்துக்கு அக்கா?” என்றான் தவராசா. “குழவியைத்தானே பாக்க வந்தனீங்கள்?”

“இந்தக் கல்லையோ சொன்னனீங்கள்?” என்றாள் அவள். குரல் இறங்கிவிட்டது.

அவளுடைய மகன் கோகுலன் ஏஜென்சிக்காரனை நம்பி வெளிநாட்டுக்குப் புறப்பட்டு, எந்த நாட்டில் நிற்கிறான் என்றே தெரியாமல் கிடந்தவன். அந்த நாட்களில் அவள் ஒவ்வொரு வெள்ளியும் இந்தக் கொட்டிலுக்கு வந்து விளக்கு வைத்திருக்கிறாள். போன மாதம் அவன் கரைசேர்ந்து போன் எடுத்திருக்கிறான்.

அவள் கிட்டப்போய்க் குனிந்தாள். கல்லின் தலைப்பைத் தடவினாள். உடைந்த இடத்தில் அவள் பெருவிரல் பழகின மாதிரிப் போய் இருந்தது. தவராசா அதைக் கண்டான். மேனுகாவும் கண்டிருப்பாள், கமராவைத் தூக்கினாள்.

“உங்கடை குழவிதானே அம்மா?”

கமலேஸ்வரி நிமிர்ந்தாள். “இல்லை. இது எங்கடை இல்லை.”

“அக்கா!” தவராசாவின் சத்தத்துக்கு அணைக்கட்டில் நின்ற கொக்கு எழும்பியது. “உங்கடை கை சொல்லுது, வாய் ஏன் பொய் சொல்லுது? பெட்டியிலை அம்மி கிடக்கு. வைச்சுப் பாப்பம், பொருந்தாட்டில் என்ரை காதை அறுக்கிறன்!”

அவள் அவனுக்குக் கிட்ட வந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். “என்ரை பிள்ளையைக் கரைசேர்த்தது இது. நான் குழவி எண்டு சொன்னால் பிடுங்கி என்ரை கையிலை தருவாங்கள். வீட்டை கொண்டுபோய் இதாலை என்னெண்டடா நான் மிளகாய் அரைக்கிறது?”

தவராசா வாயைத் திறந்தான். ஆண்டியப்பன் அவன் தோளைப் பிடித்தான்.

“விடுங்கண்ணே. மிளகா அரைச்சே காந்திப்போன கல்லு. கொஞ்ச நாள் உக்காந்து பூ வாங்கட்டும்.” பிறகு மேனுகாவைப் பார்த்து, “தங்கச்சி, எனக்குத்தான் தப்பாத் தெரிஞ்சிருக்கு. இது குழவி இல்ல,” என்றான்.

மேனுகா கமராவை இறக்கினாள். கமலேஸ்வரி கற்பூரம் கொளுத்தினாள். ஆண்டியப்பனுக்கும் திருநீறு நீட்டினாள். பூசிக்கொண்டான்.

திரும்பிவரும் வழியெல்லாம் தவராசா அவனை ஏசிக்கொண்டு வந்தான். எஞ்சின் சத்தத்தில் பாதி கேட்டிருக்காது. “உனக்கு மூளை கழண்டு போச்சு. அவளின்ரை வாயாலை ஒரு சொல் வந்திருந்தால் உன்ரை கால் வந்திருக்கும். இப்ப போச்சு. போச்சடா!”

“காலு போறது நமக்குப் பழக்கம்தானேண்ணே.”

கமலேஸ்வரியிடம் இறக்கிவிட மறந்த அம்மி பெட்டிக்குள் ஒவ்வொரு பள்ளத்துக்கும் எகிறி விழுந்துகொண்டு வந்தது.

அதற்குப் பிறகு அவன் படம் ஏற்றவில்லை. போனில் பாட்டுக் கேட்டான். ‘கால் அண்ணை எங்கை?’ என்று கொஞ்சக் காலம் கேட்டார்கள். பிறகு அவர்களுக்கு வேறு யாரோ கிடைத்தார்கள். சீனி வருத்தம் மட்டும் அவனை மறக்கவில்லை. நல்ல காலில் ஒரு முள்ளுக் குத்தியது, காயம் ஆறவில்லை, கறுத்தது. யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அந்தக் காலையும் எடுக்க வேண்டும், அதுவும் பிந்திவிட்டது என்று டொக்டர்மார் ராஜினியிடம் சொல்லியிருந்தார்கள்.

தவராசா போய்ப் பார்த்தபோது ஆண்டியப்பன் கட்டிலில் நீட்டிப் படுத்திருந்தான். பொய்க்காலைக் கழற்றிச் சொப்பிங் பையில் போட்டுக் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தார்கள். என்ன கதைப்பது என்று தெரியாமல் தவராசா ஆஸ்பத்திரிச் சோற்றைக் குறை சொன்னான், விசிறியைக் குறை சொன்னான், பக்கத்துக் கட்டிலில் குறட்டை விட்டவனைக் குறை சொன்னான்.

“அண்ணே, போன்ல அந்த ‘எங்கள் மண்’ அப்பு இன்னும் வேல செய்யுதா?”

“செய்யுது. நாசமாய்ப் போக.”

“அப்ப ஒண்ணு செய்யுங்க. கீழ இருக்கிற காலை எடுத்துட்டுப் போங்க. வாய்க்கால் கரையில மண்ணுல வச்சு, அதையே ஒரு போட்டோ புடிச்சு ஏத்திவிடுங்க. பழைய சாமான்தானே. இதுல வெட்டுறதுக்கு என்ன இருக்கு? வெட்டினா வெறும் மண்ணுதான் மிஞ்சும்.”

தவராசா குனிந்து சொப்பிங் பையை இழுத்து எடுத்தான். “கதை சொல்லிப் பதியோணுமே. என்னெண்டு சொல்லுறது?”

“ஜெயபுரத்து ஆண்டியப்பன் காலுன்னு சொல்லுங்க. ராசா கீசான்னு ஒண்ணும் சேக்காதீங்க.”

“அளவுக்கு?”

ஆண்டியப்பன் ஒருக்களித்துப் படுத்தான். பிறகு கட்டில் விளிம்புக்கு மேலால் தவராசாவின் பாதங்களைப் பார்த்தான். சேறு காய்ந்து வெடித்த, வாழ்நாளில் செருப்பை மதிக்காத பாதங்கள்.

“உங்க காலைப் பக்கத்துல வைங்கண்ணே,” என்றான். “கழுவிட்டு வைங்க.”